மலைக்காற்று மருந்தாகுமா? குடிபெயர நினைக்கும் வாசகிக்கு ஒரு மருத்துவரின் பதில்

39 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

இவரும் கணவரும் இணையம் வழியாக வேலை செய்பவர்கள். நகரத்தை விட்டுவிட்டு, சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு மலைக்கிராமத்தில் போய்க் குடியேறலாம் என்பது கணவரின் பல வருட ஆசை. வீடும் பார்த்தாயிற்று. சாலையிலிருந்து முந்நூறு படி ஏற வேண்டும். ஆனால் வாசலில் நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிகிறதாம். கூட வரப்போகிறவர்கள் இருவர். ஒருவர் 71 வயது மாமியார். இளம் வயதிலிருந்து முப்பது வருடத்துக்கும் மேல் விறகடுப்பில் சமைத்தவர். ‘சிஓபிடி’ எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் ரத்த அழுத்தமும் உண்டு. வீட்டில் பார்க்கும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 93 சதவீதம் காட்டுகிறது. இன்னொருவர் 8 வயது மகன்; தூசு பட்டால் இழுப்பு வரும். இன்னொரு குழந்தைக்கும் தம்பதியர் திட்டமிட்டிருக்கிறார்கள்.

வெயில் காலத்தில் பத்து நாள் அங்கே தங்கிப் பார்த்திருக்கிறார்கள். மாமியாருக்கு இருமல் குறைந்தது, பையன் ஓடி விளையாடினான். ‘மரங்கள் நிறைய இருப்பதால் அங்கே ஆக்சிஜன் அதிகம், நுரையீரலுக்கு அதுவே மருந்து, ஊரில் 90 வயதுப் பெரியவர்கள் சுமை தூக்கிக்கொண்டு மேடு ஏறுகிறார்கள்’ என்கிறார் கணவர். ‘பெரிய மருத்துவமனை 54 கிலோமீட்டர் தூரம், இரண்டு மணி நேரம். சின்ன விஷயங்களுக்கு வீடியோ அழைப்பில் டாக்டரைப் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா? மலை ஏறினால் வரும் தலைவலி, வாந்தி எங்களுக்கும் வருமா? போகலாமா, வேண்டாமா?’ என்று கேட்கிறார் வாசகி. கடிதத்தின் கடைசியில் தன்னைப் பற்றி ஒரே ஒரு வரி: ‘எனக்குச் சத்தம் பிடிக்காது, அதனால் நான் சமாளித்துவிடுவேன்.’

அந்த வரிக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் பயத்தை எடுத்துவிடலாம். மலை ஏறியவர்களுக்கு வரும் தலைவலி, குமட்டல், வாந்தி பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல், அதுவும் வேகமாக ஏறினால்தான் வருகிறது. நீங்கள் போவது 2,100. உங்களுக்கும் கணவருக்கும் முதல் சில நாட்கள் படி ஏறும்போது மூச்சு வாங்கலாம், தூக்கம் கொஞ்சம் கலையலாம். சிவப்பணுக்களை உருவாக்கத் தூண்டும் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனைச் சிறுநீரகம் ஓரிரு நாளில் கூடுதலாகச் சுரக்க ஆரம்பித்துவிடும். சில வாரங்களில் சிவப்பணுக்கள் கூடும். உடம்பு பழகிவிடும். பெரு நாட்டில் 5,000 மீட்டருக்கு மேலேயும் ஒரு ஊர் நடக்கிறது, லா ரிங்கோனாடா என்று பெயர். அங்கே வாழ்வது சுகமான காரியமில்லை, அது வேறு விஷயம். உங்கள் வயதில் நல்ல நுரையீரல் உள்ளவர்களுக்கு 2,100 மீட்டர் ஒரு தடையே இல்லை. நீங்கள் பயப்படுவது பயப்பட வேண்டிய விஷயத்துக்கு அல்ல, அவ்வளவுதான்.

காற்று நல்லதுதான், ஆனால் மெலிது

மரம் அதிகம் என்பதால் அங்கே ஆக்சிஜன் அதிகம் என்பது தவறு. கடற்கரையானாலும் காட்டின் நடுவானாலும் மலை உச்சியானாலும் காற்றில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட 21 சதவீதம்தான். மாறுவது காற்றின் அழுத்தம். உயரம் போகப் போக அழுத்தம் குறையும். கடல் மட்டத்தில் ஒரு மூச்சுக்கு 100 பங்கு ஆக்சிஜன் கிடைத்தால், 2,100 மீட்டரில் சுமார் 78 பங்குதான் கிடைக்கும்.

ஆரோக்கியமான ஒருவருக்கு இது பெரிய இழப்பில்லை. அவர் ரத்தத்தில் ஆக்சிஜன் 98இலிருந்து 94, 95க்கு இறங்கும், அவருக்கே தெரியாது. காரணம், ஆக்சிஜன் கொஞ்சம் குறைந்தாலும் ஹீமோகுளோபின் அதை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒரு கட்டத்துக்குக் கீழே போனால் அந்தப் பிடி சட்டென்று தளரும். உங்கள் மாமியார் சமவெளியிலேயே 93இல், அந்த விளிம்புக்குப் பக்கத்தில் நிற்கிறார். 2,100 மீட்டரில் அவருக்கு 90க்குக் கீழே இறங்க நிறையவே வாய்ப்பு உண்டு. தூக்கத்தில் இன்னும் இறங்கும். மாதக்கணக்கில் அப்படியே இருந்தால் நுரையீரல் ரத்தக்குழாய்கள் இறுகி இதயத்தின் வலது பக்கத்துக்குச் சுமை ஏறும். பத்து நாளில் இது தெரியாது. அந்தப் பத்து நாளில் வாகனப் புகை இல்லை, தூசு இல்லை, அடுப்படி வேலையும் இருந்திருக்காது. இருமல் குறைந்தது உண்மையாகவே இருக்கும். அதை வைத்து நோய் குணமாகிறது என்று முடிவு கட்டக் கூடாது.

மலைக்காற்று மருந்து என்ற நம்பிக்கைக்கும் ஒரு கதை உண்டு. காசநோய்க்கு மருந்து இல்லாத 19ஆம் நூற்றாண்டில், சுவிட்சர்லாந்தின் டாவோஸ் போன்ற மலை ஊர்களில் நோயாளிகளை மாதக்கணக்கில் வெயிலிலும் குளிர்க்காற்றிலும் படுக்கவைத்தார்கள். கிருமியை ராபர்ட் கோக் 1882இல் கண்டுபிடித்துச் சொன்ன பிறகும் அதுதான் வைத்தியம். 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டு, அடுத்தடுத்து மருந்துகள் வந்ததும் சானடோரியம் எனப்பட்ட அந்த மலை மருத்துவமனைகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. நோயாளிகள் போய்விட்டார்கள்; நம்பிக்கை மட்டும் இன்னும் காலி செய்யவில்லை.

நுரையீரல் மருத்துவர்களிடம் ஒரு சோதனை இருக்கிறது. ஆக்சிஜன் 15 சதவீதமாகக் குறைக்கப்பட்ட காற்றை 20 நிமிடம் சுவாசிக்க வைத்துப் பார்ப்பார்கள். சிஓபிடி உள்ளவர்கள் விமானத்தில் போகலாமா என்று பார்ப்பதற்காக வந்தது. சுமார் 2,400 மீட்டர் உயரத்தை அது கீழேயே காட்டிவிடும். உங்கள் கிராமத்தின் உயரம் அதற்குப் பக்கத்தில்தான். நகரத்தை விடும் முன் மாமியாருக்கு இதைச் செய்யச் சொல்லுங்கள். கூடவே இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேனும், ஊதவைத்து நுரையீரலைச் சோதிக்கும் ஸ்பைரோமெட்ரியும்.

பையன் விஷயத்தில் என்னால் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இழுப்பைத் தூண்டும் தூசுப் பூச்சிகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் உயிர் வாழ்கின்றன. வறண்ட மலைகளில் அவை குறைவு, அதனால் சில குழந்தைகளுக்கு உண்மையிலேயே நன்றாகிறது. ஆனால் மூட்டமும் மழையுமாக இருக்கும் மலை என்றால் சுவரெல்லாம் பூஞ்சை பிடிக்கும். அதுவும் இழுப்பைத் தூண்டும். அப்புறம், குளிர்ந்த காற்றில் ஓடினாலே சில குழந்தைகளுக்கு மூச்சுக்குழல் சுருங்கும். அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தி, பின்பக்கம் கறுத்திருக்கிறதா என்று பார்த்தீர்களா?

வீட்டுக்குள் இருக்கும் புகை

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். 2,100 மீட்டரில், கடல் மட்டத்தைவிடப் பதின்மூன்று, பதினான்கு டிகிரி குறைவு. அப்படியென்றால் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க வேண்டும். எதை வைத்துச் சூடாக்கப் போகிறீர்கள்? கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

உங்கள் மாமியார் புகை பிடித்தவர் இல்லை. அவர் நுரையீரலைக் கெடுத்தது விறகுப் புகை. மலையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கணப்பு மூட்டினால், எந்தப் புகையிலிருந்து தப்பி வந்தாரோ அதன் பக்கத்திலேயே அவரைக் கொண்டுபோய் உட்கார வைக்கிறீர்கள். வெளியிலும் காற்று எப்போதும் சுத்தம் என்று நினைக்காதீர்கள். குளிர் இரவுகளில் கனமான குளிர்க்காற்று பள்ளத்தாக்கில் தேங்கி, மேலே சற்றுச் சூடான காற்று மூடிபோல உட்கார்ந்துவிடும். விடிகாலையில் மேலே நின்று பார்த்தால் ஊர்ப் புகை எல்லாம் கலையாமல் ஒரு படலமாகக் கிடப்பது தெரியும். புகைப்படத்தில் அழகாக இருக்கும்.

கரி அடுப்பைப் படுக்கையறையில் வைத்துக்கொண்டு தூங்குவது எந்த நிலையிலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். தூக்கத்திலேயே முடிந்துவிடும். மின்கணப்பு, அல்லது புகைபோக்கி சரியாக வைத்த மூடிய அடுப்பு, எதுவானாலும் ஒரு மோனாக்சைடு அலாரம். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

54 கிலோமீட்டர் என்பது எத்தனை மணி நேரம்?

நான் சில வருடங்கள் மலையோர மருத்துவமனை ஒன்றில் வேலை செய்திருக்கிறேன். அங்கே யாரும் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்ல மாட்டார்கள். ‘மழை இல்லையென்றால் இரண்டு மணி’, ‘மூட்டம் இறங்கினால் நாலு’ என்பார்கள். நீங்கள் சொல்லும் இரண்டு மணி நேரம் பகலில், வெயிலில், வண்டி தயாராக இருந்து, நீங்கள் வண்டிக்குள் உட்கார்ந்த பிறகு ஆகும் நேரம்.

ராத்திரி ஒரு மணிக்கு மாமியாருக்கு ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டு வாய் கோணிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். யாரையாவது எழுப்ப வேண்டும். முந்நூறு படி இறங்க வேண்டும். அவரால் நடக்க முடியாது, நாற்காலியில் வைத்து நாலு பேர் தூக்க வேண்டும். அந்த நாலு பேர் யார்? படி ஈரமாக இருந்தால் அதற்கே ஒரு மணி நேரம். பிறகு மூட்டத்தில் கொண்டை ஊசி வளைவுகள். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து, ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். கணக்கு போட்டுப் பாருங்கள். இதயத்தில் அடைப்பு என்றாலும் இதே கதைதான், ஒவ்வொரு அரை மணி நேரத்துக்கும் இதயத் தசை கொஞ்சம் செத்துக்கொண்டிருக்கும்.

90 வயதுப் பெரியவர்களும் இந்தக் கணக்கில்தான் வருகிறார்கள். ஊரில் நீங்கள் பார்த்தது தங்கியவர்களை. அறுபது வயதில் மாரடைப்பு வந்து வழியிலேயே போனவரையும், மூட்டுத் தேய்ந்து மகள் வீட்டோடு சமவெளிக்கு இறங்கியவரையும் நீங்கள் பார்த்திருக்க முடியாது. மேடு பள்ளத்தில் வாழ்நாள் முழுவதும் நடந்த உடம்பு திடமானதுதான், மறுக்கவில்லை. அந்தத் திடம் 71 வயதில் போய் இறங்கினால் வராது. முழங்காலுக்கு ஏற்றத்தை விட இறக்கம் கஷ்டம் என்பதையும் முதல் மாதத்திலேயே தெரிந்துகொள்வார்.

வீடியோ ஆலோசனையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ரத்த அழுத்தக் குறிப்பைப் பார்த்து மருந்தை மாற்றவும், பையன் இன்ஹேலரைச் சரியாக இழுக்கிறானா என்று பார்க்கவும் அது போதும். ஆனால் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்க முடியாது. அதைவிட முக்கியம், மரம் விழுந்து மின்சாரம் போய், சிக்னலும் போகும் இரவில்தான் அது உங்களுக்குத் தேவைப்படும்.

அடுத்த குழந்தை பற்றி: உயரம் கூடக் கூடப் பிறப்பு எடை சராசரியாக ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 100 கிராம் குறைகிறது. உங்கள் உயரத்துக்கு அது கவலைப்பட வேண்டிய அளவில்லை. கவலை பிரசவத்துக்குப் பின் வரக்கூடிய ரத்தப்போக்கு. அது இரண்டு மணி நேரத்தில் உயிரை எடுத்துவிடும், நல்ல பாதையிலேயே உங்கள் பயணம் அவ்வளவு ஆகிறது. ஆகவே பிரசவத்துக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே மருத்துவமனை இருக்கும் ஊரில் இறங்கித் தங்கிவிட வேண்டும். தொலைதூர ஊர்களில் இதற்கென்றே மருத்துவமனைப் பக்கத்தில் தங்குமிடம் கட்டுவதை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. இதில் பேரம் பேசாதீர்கள்.

என் கருத்து

போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்த வீட்டுக்கு, இந்த உயரத்துக்கு, இந்த நிலையில் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள் என்கிறேன்.

அதே மலையில் கீழே, 900 மீட்டர் அளவில் ஊர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அங்கே 100க்கு 90 பங்கு ஆக்சிஜன் கிடைக்கும், குளிர் அவ்வளவு இருக்காது, மருத்துவமனைக்குப் பாதி நேரத்தில் போய்விடலாம். அங்கேயும் மாமியாரைப் பரிசோதித்த பிறகுதான். வாசலில் பள்ளத்தாக்கு தெரியாமல் போகலாம். வண்டி வாசல் வரை வரும் வீடாக இருக்க வேண்டும், அது முக்கியம். கணவருக்கு உயரம்தான் வேண்டும் என்றால், சோதனை முடிவு வந்த பிறகு, மாமியார் சமவெளியில் வேறு பிள்ளைகளோடு இருக்க முடியுமா என்று பேசலாம். அதை அவரிடமே கேளுங்கள். நான்கு பக்கக் கடிதத்தில் அவருக்கு என்ன விருப்பம் என்று எங்கேயும் இல்லை. ரத்த ஆக்சிஜன் எவ்வளவு என்று இருக்கிறது, அவர் என்ன சொன்னார் என்று இல்லை.

வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது எந்தச் சரிவு என்று பாருங்கள். ஒரே மலைக்கு வெயில் பக்கம், நிழல் பக்கம் என்று உண்டு. இத்தாலியில் விகனெல்லா என்ற மலைக்கிராமம் குளிர்காலத்தில் 80 நாட்களுக்கு மேல் நேர் வெயில் படாமல் கிடக்கும். 2006இல் எதிர்ச் சரிவில் பெரிய கண்ணாடி ஒன்றை நிறுத்தி ஊர்ச் சதுக்கத்துக்கு வெயிலைத் திருப்பினார்கள். நிழல் பக்கத்து வீட்டில் துணி காயாது, சுவர் காயாது, மனசும் காயாது. தரையில் புது வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரங்கள், திடீரென்று இறுகிப்போன கதவுகள், கலங்கி வரும் ஊற்று என்று ஏதாவது கண்ணில் பட்டால் அந்த வீடு வேண்டாம். மண் நகர்கிறது என்று பொருள்.

எங்கே போனாலும் சில ஏற்பாடுகள் வேண்டும். எல்லா மருந்தும் ஒரு மாதத்துக்குக் கூடுதலாக இருக்கட்டும். ஃப்ளூ தடுப்பூசியையும் நிமோனியாவுக்கான நிமோகாக்கல் தடுப்பூசியையும் கிளம்பும் முன் போட்டுவிடுங்கள். கடுங்குளிரில் இன்ஹேலர் சரியாகப் பீய்ச்சாது, சட்டைப்பையில் உடம்புச் சூட்டில் வைத்திருக்க வேண்டும். ரத்த ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் பார்க்கும் முன் விரலைத் தேய்த்துச் சூடாக்குங்கள், இல்லாவிட்டால் பொய்யான அளவு காட்டும். வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் தேவைப்பட்டால், மின்சாரம் போனால் கைகொடுக்க ஒரு சிலிண்டர். ஊற்று நீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். 2,100 மீட்டரில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் மூன்று நிமிடமாவது கொதிக்கட்டும். அயோடின் சேர்த்த உப்பைத்தான் வாங்க வேண்டும். மழை கழுவிய மலை மண்ணில் அயோடின் குறைவு. புற ஊதாக் கதிர் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் கூடும், பையனுக்கும் சேர்த்து வெயில் கண்ணாடி வாங்குங்கள்.

முடிவெடுக்கும் முன் மறுபடி போய்த் தங்குங்கள். இந்த முறை ஊரிலேயே மோசமான மாதத்தில், ஒரு மாதம் முழுக்க, மாமியார் இல்லாமல். எது மோசமான மாதம் என்று அங்கே யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் சொல்வார்கள். போன வருடம் பாதை எத்தனை நாள் அடைபட்டது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை நகரத்து வீட்டை விற்க வேண்டாம்.

சரி, அந்தக் கடைசி வரி. ‘நான் சமாளித்துவிடுவேன்.’ சத்தம் பிடிக்காது என்பதும் தனிமை பிடிக்கும் என்பதும் ஒன்றல்ல. நாலு மணிக்கே மூட்டம் இறங்கி, பேச ஆளில்லாமல், ஈரத் துணியோடும் இருமும் பெரியவரோடும் வாரக்கணக்கில் இருப்பது அமைதி இல்லை. நல்ல திடமான பெண்கள் இரண்டாம் குளிர்காலத்தில் தூக்கமில்லை, தலைவலி, உடம்பு வலி என்று என்னிடம் வந்திருக்கிறார்கள். வலி உடம்பில் இருந்ததில்லை. உங்களுக்கென்று பேச ஒருவர், வாரத்தில் ஒரு நாள் கீழே இறங்கி வர ஒரு காரணம் வேண்டும். கணவரோடு பேசும்போது இதையும் பட்டியலில் எழுதுங்கள். வீட்டு வாடகைக்கு மேலே எழுதுங்கள்.

இன்னொன்று. கணவர் மாதத்தில் ஒரு வாரம் வேலையாக வெளியூர் போவார் என்றும், வண்டி ஓட்டத் தெரிந்தவர் அவர் மட்டும்தான் என்றும் இரண்டாம் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வாரத்தில் பையனுக்கு இழுப்பு வந்தால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கப் போவது நீங்கள்தான். எனவே வண்டி ஓட்ட இப்போதே, சமவெளியிலேயே கற்றுக்கொள்ளுங்கள். அந்த ஒரு மாதம் தங்கும்போது மருத்துவமனைப் பாதையில் முதலில் பகலில் ஓட்டுங்கள், கணவர் பக்கத்தில் இருக்கட்டும். பிறகு மழையில். பிறகு ஒரு முறை இரவில், மூட்டம் இறங்கிய பின். போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துவைத்துக்கொண்டு, அதற்கு அப்புறம் வீட்டைப் பற்றிப் பேசலாம்.